நேர்கோட்டு மனிதர்

நிலவின் மறுபக்கத்தில், பூமி ஒருநாளும் தலைகாட்டாத பள்ளம் ஒன்றில், பதினொரு பேர் குடியிருந்தனர். அவர்களுள் பத்துப் பேரை மதிக்க எஸ்தர் ரூபாவதிக்குத் தோன்றவில்லை. பதினோராவது ஆள் அவளே.

அங்கிருந்த தொலைநோக்கி அவள் பொறுப்பு. இளம் விண்மீன் கொத்து ஒன்றையும் அதன் சுற்றுப்புறத்தையும் இடைவிடாமல் படமெடுத்து, எந்த விண்மீன் எப்போது மங்குகிறது, எப்போது துலங்குகிறது என்று குறிப்பது அவள் தொழில். ஒரே வாயு மேகத்தில் கூடப்பிறந்த சில நூறு விண்மீன்கள். பிறந்து முப்பது இலட்சம் ஆண்டுகளே ஆனவை. விண்மீன் குலத்தில் அது பால்மணம் மாறாத வயது. அந்த வயதில் எதுவும் ஒரே சீராக எரிவதில்லை. சுற்றிலும் கிடக்கும் தூசியை விழுங்கிவிட்டு ஒன்று பொங்கும். முகத்தில் கரும்புள்ளியோடு சுழலும் மற்றொன்று முறைவைத்து மங்கும். இன்னொன்று எந்த முறைக்கும் கட்டுப்படாமல் தன் விருப்பம்போல் எரியும். இவற்றின்மேல் எஸ்தருக்கு இருந்த மரியாதை மனிதர் எவர்மேலும் இல்லை. மாறுகிற பொருள் ஒளிவுமறைவின்றி மாறுவது அவளுக்குப் பிடித்திருந்தது. நிலையத்தின் ஆட்சிக்குழுவில் அந்த நேர்மையைக் காண முடியவில்லை.

ஆட்சிக்குழு என்பது இயக்குநர் வைத்தியலிங்கம், மருத்துவரும் குழுவின் செயலருமான மங்கையர்க்கரசி, இவர்கள் சொல்வதற்குத் தலையசைக்க வந்து உட்காரும் மற்றவர்கள். காற்றுக் கசிவைப் பற்றிப் பேசக் கூடினாலும் முதலில் வரவேற்புரை உண்டு. நன்றியுரை சொல்லாமல் அவர்கள் கலைந்ததாக வரலாறு இல்லை. ஒருமுறை கழிவுநீர்க் குழாய் உடைந்து கூடத்தில் கணுக்கால் அளவு நீர் நின்றபோதும் நன்றியுரை கடைசி வரி வரைக்கும் படிக்கப்பட்டது. கேட்டவர்கள் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு கைதட்டினார்கள்.

இந்தக் குழுவுக்கு ஒரு கவலை இருந்தது. வேறொரு நிலையத்தில் மனம் பேதலித்த ஒருவர் வெளிக்கதவைத் திறக்கப் போய், நல்லவேளையாகத் தடுக்கப்பட்டார். அதன்பின் எல்லா நிலையங்களிலும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டாயமாயிற்று. நாடித்துடிப்பு, உறக்கம், குரலின் ஏற்ற இறக்கம், நடையின் வேகம் யாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து அது ஒற்றை எண்ணாகத் தரும். அந்த எண்ணுக்கு ‘மனவொளி’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். பெயரில் இருந்த அழகு கருவியில் இல்லை. நிலவுத் தூசி படிந்தால் எண் ஏறும். காற்றழுத்தத்தை மாற்றினால் இறங்கும். கூடத்து விளக்கை மாற்றினால்கூட எல்லோருடைய மனவொளியும் ஒரே நாளில் குதிக்கும். எது மனத்தின் மாற்றம், எது கருவியின் கோளாறு என்று பிரித்தறிய வழி தெரியாமல் மருத்துவர் எஸ்தரிடம் வந்தார்.

“ஏனுங்க எஸ்தர், உங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டுதானுங்களே? கருவி சூடாகும், கண்ணாடியில தூசி விழும். அப்புறம் எப்படி விண்மீன்தான் மாறுதுன்னு அடிச்சுச் சொல்றீங்க?”

“பக்கத்துல, மாறாத விண்மீன் ஒண்ணையும் சேத்தே படம் எடுப்போம். கண்ணாடியில தூசின்னா ரெண்டும் சேந்துதான மங்கும். ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சுட்டா தூசியோட பங்கு போயிரும். மிச்சம் இருக்கது அந்த விண்மீனோட சொந்த மாற்றம். கழிக்கதுக்கு வச்சிருக்கோம்லா, அதுக்குப் பேரு ஒப்பீட்டு விண்மீன்.”

மருத்துவரின் முகம் மலர்ந்தது. “அப்ப நமக்கும் மாறாத ஆளு ஒருத்தர் இருந்தாப் போதுமுங்க.”

மாறாத ஆள் யார் என்பதில் குழுவுக்குள் இருவேறு கருத்து எழவில்லை. இயக்குநர் வைத்தியலிங்கம் எந்நாளும் ஒரே வண்ணச் சட்டை அணிபவர். ஒரே அளவாகச் சிரிப்பவர். எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே வரவேற்புரையை வைத்திருப்பவர். அவர் பெயர் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, கைதட்டலோடு நிறைவேறியது. எஸ்தர் மட்டும் கையைத் தூக்கினாள்.

“ஒரு ஆளு பத்தாது. ஒப்பீட்டு விண்மீனே மாறுதான்னு பாக்கதுக்கு இன்னொண்ணு வேணும். அது இல்லாம நான் ஒரு புள்ளிகூடக் குறிக்க மாட்டேன்.”

“இயக்குநரைச் சோதிக்கறதுக்கு ஒரு ஆளுங்களா?” மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். “கேக்கறதுக்கே நல்லா இல்லைங்களே.”

எஸ்தர் வாதாடியிருக்கலாம். நான்கு வாக்கியங்களில் முடிகிற வாதம்தான். குழுவினரின் முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். இவர்களுக்கு விளக்குவதில் செலவாகும் மூச்சுக்கு இங்கே உயிர்வளி வீணாக வேண்டுமா என்று தோன்றியது. “உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். எக்கேடோ கெடுங்கள் என்பது அவள் சொல்லாமல் விட்ட பகுதி.

அன்றுமுதல் எல்லோருடைய மனவொளியிலிருந்தும் இயக்குநரின் மனவொளி கழிக்கப்பட்டது. இயக்குநருடையதிலிருந்தும் இயக்குநருடையதே கழிக்கப்பட்டது. ஆகவே அவர் கோடு சுழியத்தின்மேல் நூல்பிடித்தாற்போல் ஓடிற்று. மருத்துவர் அதை வருவோர் போவோருக்கெல்லாம் காட்டி வியந்தார். பிறருடைய கோடு மேல்வரம்பைத் தாண்டினால் அதற்கு ‘மிகையெழுச்சி’ என்று பெயர். தாண்டியவர் நிலையற்றவர் என்று குறிக்கப்பட்டு அடுத்த சரக்குக் கலத்தில் பூமிக்கு அனுப்பப்படுவார். அந்தக் குறி விழுந்தவரை அப்புறம் எந்தக் கலமும் ஏற்றாது. எந்த விண்நிலையமும் சேர்க்காது.

முதலில் தாண்டியவர் சமையல்காரர். அவர் வயிறு குலுங்கச் சிரிப்பவர். அடுத்துத் தாண்டியவர் மண்ணியல் ஆய்வு செய்துவந்த ஒரு பெண். சரக்கறையில் வளையம் மாட்டிப் பந்து விளையாடுபவர். இருவரும் கிளம்பிப் போனபோது எஸ்தர் வருந்தவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் சத்தம் குறைந்ததைக் கவனித்தாள், அவ்வளவுதான்.

மூன்றாவதாகத் தாண்டியவன் காதர் மைதீன். கீழக்கரையைச் சேர்ந்தவன், தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துப் பேணும் பொறியாளன். பத்துப் பேரில் இவனை மட்டும் எஸ்தர் சற்றுக் குறைவாக இகழ்ந்துவந்தாள். அவன் தட்டோடு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

“அக்கா, நம்ம சீட்டு கிழிஞ்சிருச்சு. அடுத்த கலத்துல கெளம்புறேன். எனக்கு உற்சாகம் சாஸ்தியாம்.”

“யார் சொன்னா?”

“டாக்டரம்மாதான். கோடு போட்டுக் காட்டுனாக. உற்சாகத்தைக் கொறைக்க மாத்திரை இருந்தாக் குடுங்க, மூணு வேளையும் முழுங்கிட்டு இங்கனயே கெடக்குறேன்னு சொன்னேன். பாருங்க, இந்த நேரத்துலயும் கேலி பேசுறீங்க, இதுதான் நோயே அப்படின்னுட்டாக.”

எஸ்தர் சிரிக்கவில்லை. “ஊர்ல வேற வேலை கிடைக்காதா?”

“கெடைக்கும். மச்சான் ஏசி ரிப்பேர் கடை வச்சிருக்காரு.” சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். “எத்தனை வருசப் படிப்பு, எத்தனை பரீட்சை அக்கா. எல்லாம் இந்தக் கண்ணாடிகிட்ட வந்து நிக்கத்தான். இனி வானத்துல போற எதையும் தொட விடமாட்டாக.”

அப்புறம் அவன் பேசவில்லை. காதர் வாய்மூடிச் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. அவள் தட்டைப் பாதியில் தள்ளிவைத்தாள். எழுந்து நேரே மருத்துவரின் அறைக்குப் போனாள்.

மருத்துவர் பெருமிதத்தோடு காதரின் கோட்டைத் திரையில் காட்டினார். அது மாதக்கணக்கில் மெல்ல ஏறி, நடுவே சற்றுத் தயங்கி, மறுபடியும் ஏறி, வரம்பைத் தாண்டியிருந்தது.

“எல்லாரோடதையும் இதே திரையில போடுங்க” என்றாள் எஸ்தர்.

நிலையத்தில் எஞ்சியிருந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது கோடுகள் விழுந்தன. காதருடையதோடு சேர்த்து ஏழு கோடுகள் ஒரே கை வரைந்தாற்போல் இருந்தன. ஒரே நாளில் ஏறி, ஒரே நாளில் தயங்கி, ஒரே நாளில் மறுபடியும் ஏறியிருந்தன. காதர் இயல்பிலேயே உற்சாகமானவன் என்பதால் அவன் கோடு உயரத்தில் தொடங்கி முதலில் வரம்பைத் தொட்டது. மற்றவை அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. வரிசையில் அடுத்த கோடு மருத்துவருடையது. எட்டாவது கோடு இயக்குநருடையது, சுழியத்தில். ஒன்பதாவது எஸ்தருடையது, அதுவும் அநேகமாக நேராகவே ஓடிற்று. அதைக் கண்டு அவள் வியக்கவில்லை. தன்னிடமிருந்து அவள் எதிர்பார்த்தது அதுதான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு படத்திலுள்ள விண்மீன்கள் பலவும் ஒரே வடிவில் ஒளி கூடினால், முதலாண்டு மாணவன்கூட அந்த விண்மீன்களைச் சந்தேகிக்க மாட்டான்.

“டாக்டர், ஏழு பேருக்கும் ஒரே நாள்ல ஒரே அளவுக்குச் சந்தோஷம் வருமா? இவங்க யாரும் ஏறல. இயக்குநர் இறங்குதாரு. கிணத்துக்குள்ள இறங்குறவனுக்குக் கிணத்துச் சுவரு மேல போற மாதிரிதான் தெரியும்.”

மருத்துவர் வெளிறிப்போனார். “அவரு கோடு நேரா இருக்குதுங்களே.”

“அவர்ல இருந்து அவரைக் கழிச்சா நேராத்தான் இருக்கும். என் செருப்புல இருந்து என் செருப்பைக் கழிச்சாலும் நேராத்தான் இருக்கும். கூட்டத்தைக் கூட்டுங்க.”

கூட்டத்துக்கு எஸ்தர் ஆவலோடு தயாரானாள். இயக்குநரை எந்தச் சொல்லால் எந்த இடத்தில் குத்துவது என்பதை ஆடை மடிப்பதுபோல் அடுக்கிவைத்துக்கொண்டாள். வைத்தியலிங்கம் வழக்கமான வரவேற்புரையை வழக்கமான சிரிப்போடு நிகழ்த்தி முடித்தார். அவள் எழுந்து, ஏழு கோடுகளையும் ஒன்றாக்கித் தலைகீழாகத் திருப்பித் திரையில் காட்டினாள். அது மலைச்சரிவுபோல் கீழே இறங்கிற்று.

“இதுதான் இயக்குநரோட மனவொளி. ஒரு வருஷமாத் தணிஞ்சுக்கிட்டே இருக்கு. தணியுற விளக்கை அளவா வச்சுக்கிட்டு, நல்லா எரியுற விளக்கையெல்லாம் தப்புன்னு ஊதிக்கிட்டு இருக்கோம். ரெண்டை ஊதியாச்சு. இப்ப காதர். அடுத்தது நம்ம டாக்டர்தான். இந்தச் சபையோட அறிவுக்கு இதைவிட நல்ல நினைவுச்சின்னம் அமையாது.”

இயக்குநர் சினப்பார், மறுப்பார், குறைந்தது தொண்டையையாவது செருமுவார் என்று காத்திருந்தாள். அவர் மருத்துவரின் பக்கம் திரும்பினார்.

“டாக்டர், தூக்கமே வர்றதில்லன்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?”

மருத்துவர் தலைகுனிந்தார். “நாலஞ்சு தடவை இருக்குமுங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கோடு நேரா இருக்குதுங்க, உங்களுக்கு ஒண்ணுமில்லைங்கன்னு சொன்னேன்.”

“நானும் அதைத்தான் நம்பினேன்.” வைத்தியலிங்கத்தின் சிரிப்பு அதே இடத்தில் அப்படியே இருந்தது, அதை எடுக்க மறந்துவிட்டவர்போல் பேசினார். “காலைல சட்டைய மாட்டறதே மலையேறற மாதிரி இருக்கும். கோடு நேராத்தானே இருக்கு, நமக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கிட்டு மாட்டுவேன். சமையல்காரர் சிரிச்சா எனக்கு நெஞ்சுல அடிக்கும். மனுஷன் இப்படியா சிரிப்பான், அவருக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு மனசாரக் கையெழுத்துப் போட்டேன்.”

அடுக்கிவைத்திருந்த சொற்களில் எதை எடுப்பது என்று எஸ்தருக்குத் தெரியவில்லை. அவர் திரையை நிமிர்ந்து பார்த்தார்.

“இங்க ஒன்பது பேரு இருக்கோம். ஏறற கோடு ஏழு. என் கோடு ஒண்ணு. மிச்சம் ஒண்ணு யாருது?”

“என்னுது சார். நான் மாறல.” அந்தப் பதிலில் அவளுக்கு மறைக்கமுடியாத ஒரு பெருமை இருந்தது.

மருத்துவர் அதைப் பிடித்துக்கொண்டார். மூழ்குகிறவருக்குக் கட்டை கிடைத்தாற்போல் அவர் முகம் தெளிந்தது. “அப்ப ஒரு பிரச்சினையும் இல்லைங்களே. சோதிக்கறதுக்கு இன்னொரு ஆளு வேணும்னு நீங்கதானுங்க கேட்டீங்க? நீங்களே அந்த ஆளு. உங்க கோடும் இயக்குநர் கோடும் ஒத்துப்போகுது. நீங்க மாறலைன்னா அவரும் மாறலைங்க. காதர் ஏறுனது நிசந்தானுங்க.”

சபை நிம்மதியாக மூச்சுவிட்டது. யாரோ கைதட்டத் தொடங்கி, மற்றவர்களைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்கள். எஸ்தர் அந்த வாதத்தில் ஓட்டை தேடினாள். மருத்துவரின் வாதத்தில் பிழை இல்லை. இரண்டு விண்மீன்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் இரண்டும் மாறாதவை என்று கொள்வதுதான் வழக்கம். அல்லது இரண்டும் சேர்ந்தே மங்குகின்றன. பல்லாண்டுகளாக அவள் மாணவர்களுக்குச் சொல்லிவந்த ‘அல்லது’ அது.

“நீங்க மாறாம இருந்திருந்தா,” என்றார் வைத்தியலிங்கம் மெதுவாக, “உங்க கோடும் மத்தவங்களோட ஏறியிருக்கணுமேம்மா.”

அவர் தொடர்ந்தார். “டாக்டர் சொல்றபடி வெச்சுக்கலாம். எனக்கு என் நாற்காலி, உங்களுக்கு உங்க தொலைநோக்கி. இல்லன்னா வேற மாதிரியும் வெச்சுக்கலாம். என்னைப் பத்தி நானே சொல்றதுக்கு இனிமே மதிப்பில்ல. நீங்கதான் சொல்லணும்.”

எஸ்தர் திரையைப் பார்த்தாள்; வேறொன்று நினைவுக்கு வந்தது. கொத்தின் ஓரத்தில் ஒரு விண்மீன், சில மாதங்களுக்கு முன், முன்பு இருந்ததைப்போல் நூறு மடங்காகப் பொங்கியது. ஓர் ஆய்வாளருக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தால் உண்டு. அதற்காகவே பலர் காத்திருந்து ஓய்வு பெற்றிருக்கிறார்கள். கணினி அதைத் தெரிவித்தபோது அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டாள், அறைக்குப் போனாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தகுதியானவர் இங்கே எவரும் இல்லை என்று அன்று காரணம் கற்பித்திருந்தாள். இப்போது எண்ணிப் பார்க்கையில், எழுந்து போய்ச் சொல்வதற்குக் கால் வரவில்லை என்பதுதான் உண்மையாக இருந்தது.

எதிர்வரிசையில் காதர் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் மாறவில்லை என்றால் அவன் ஏசி கடைக்குப் போக வேண்டும். அவள் மாறியிருந்தால், மனம் மங்கியவளாக அடுத்த கலத்தில் அவள் போக வேண்டும். கொத்தை வேறொருவர் பார்த்துக்கொள்வார். இதைச் சொல்ல வேண்டியது அவளுக்கு ஒரு பொருட்டாகவே தோன்றாத ஒன்பது பேரின் முன்னிலையில். எண்ணிக்கை ஒன்று கூடிவிட்டதை அவள் உணர்ந்தாள். தன்னையும் சேர்த்துவிட்டிருந்தாள்.

“காதர் ஏறல” என்றாள். “நான்தான் இறங்கிக்கிட்டு இருக்கேன். இயக்குநரோட சேந்து, அதே வேகத்துல. அதனாலதான் என் கோடு நேரா இருக்கு. எழுதிக்கிடுங்க.”

“ஆதாரம் வேணுமுங்களே” என்றார் மருத்துவர். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

“நான் சொல்லுறேன்.” காதர் தலையைத் தூக்கினான். “முன்னயெல்லாம் கண்ணாடியில ஒரு பொட்டுத் தூசி இருந்தா என் முப்பாட்டன் வரைக்கும் இழுத்து அக்கா ஏசுவாக. இந்த வருசம் சத்தமே இல்ல. என்னடான்னு வேணும்னே ரெண்டு தடவை தொடைக்காம விட்டுப் பாத்தேன். ஒரு வார்த்தை கேக்கல.” கொஞ்சம் நிறுத்தினான். “நானும் யாருகிட்டயும் சொல்லல. நம்ம வேலைய நம்ம பாப்போம்னு இருந்துட்டேன்.”

“தொடைக்காம விட்டியா?” என்றாள் எஸ்தர்.

“சோதனைக்குத்தான் அக்கா.”

அன்றும் நன்றியுரை படிக்கப்பட்டது. பூமியிலிருந்த தலைமையகம் சில வாரங்கள் ஆராய்ந்து தீர்ப்பளித்தது. காதர் மைதீனின் பெயரிலிருந்து குறி நீக்கப்பட்டது. சமையல்காரரும் மண்ணியல் ஆய்வாளரும் தக்க காலத்தில் தக்க முறையில் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று பெருந்தன்மையோடு அறிவிக்கப்பட்டது. ஒப்பீட்டு முறை மிகச் சிறந்தது என்றும், அதைக் கைவிட வேண்டாம் என்றும், இனிக் காதர் மைதீனையே மாறாத ஆளாகக் கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பில் கண்டிருந்தது. நிலையற்றவன் என்று விரட்டப்பட இருந்தவன் நிலைக்கே இலக்கணமானான். தன்னைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். அதைக் குறித்து அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்பதாகக் குழு வாக்களித்தது.

சரக்குக் கலத்தில் மனிதருக்கு இரண்டே இருக்கைகள். வைத்தியலிங்கமும் எஸ்தரும் அவற்றில் இருக்கைவார் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தனர். மனவொளிப் பட்டைகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள்; இருவர் மணிக்கட்டிலும் வெளுத்த வளையமாகத் தோல் தெரிந்தது. கலம் கிளம்பி, உந்துவிசை நின்று, எடை என்பது உடம்பைவிட்டு நீங்கியது.

“இறங்கினதும் முதல்ல அந்தச் சமையல்காரர் வீட்டுக்குப் போகணும்” என்றார் அவர். “விழுப்புரத்துக்குப் பக்கம்னு சொன்ன ஞாபகம்.”

“அடிக்க வருவாரு சார்.”

“வரட்டுமே.”

“நானும் வாறேன்” என்றாள் எஸ்தர். “அவரு போறப்போ நான் ஒரு வார்த்தை பேசல.”

அவர் தலையசைத்தார். அந்தச் சிரிப்பு எங்கோ கழன்று விழுந்திருந்தது. அது இல்லாத முகம் வயதானதாகவும் எளியதாகவும் இருந்தது. சிறிது நேரத்தில் அவர் கண்கள் மூடின. மூச்சு சீராகி, வாய் லேசாகத் திறந்தது. எடையற்ற அவரது வலக்கை மெல்ல மிதந்து வந்து அவள் முன்கையின்மேல் தங்கிற்று.

“மேடம்,” என்று முன்னாலிருந்து விமானி அழைத்தார், “உங்க கொத்து எடதுபக்கம் தெரியுது. கொஞ்ச நேரந்தான், அப்புறம் கலம் திரும்பிரும்.”

இடப்பக்கம் பார்க்க வேண்டுமானால் உடம்பைத் திருப்ப வேண்டும்; திருப்பினால் கை நழுவும்; அவர் விழித்துக்கொள்வார்.

“மெதுவாப் பேசுங்க” என்றாள் எஸ்தர். “தூங்குதாரு.”